பிடிபடாத ‘வேண்டாம்’ பட்டன்

புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்கிறவன் கறுப்புத் திரையில் எழுத்துகளை ஓடவிடும்வரை அடக்கமாகத்தான் இருப்பான். அவன் எழுதியதற்கு ஒரு ஜன்னல் திறந்து, அதில் ஒரு பட்டன் வந்து உட்கார்ந்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. கண்ணில் பட்டவரையெல்லாம் கூப்பிட்டு அமுக்கச் சொல்வான். கழக்கூட்டம் என்கிற ஊரில் இந்த நோயைப் பரப்புவதுதான் என் பிழைப்பு. (ஆரம்பநிலை வகுப்பு ஆசிரியர் என்று மரியாதையாகவும் சொல்லலாம்.)

என் வகுப்பில் பிரபலமான பாடம் ஓடும் பட்டன். ஜன்னலில் ஒரு கேள்வி, கீழே ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பட்டன்கள். மௌஸ் பக்கத்தில் வந்தாலே ‘வேண்டாம்’ துள்ளி வேறு மூலைக்குப் போய்விடும். மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் கரமனைக்குப் பெண் பார்க்கப் போனபோது லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன். வெறும் என்னைப் பார்த்தால் யாருக்கும் பிடிப்பதில்லை என்பது முந்தைய வீடுகளில் நிரூபணமாகியிருந்தது. இந்த முறையோ, போட்டோவைப் பார்த்ததிலிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெண்ணின் பெயர் மீனா. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கண்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. காப்பி கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்ததும் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தேன். ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா?’ என்று கொட்டை எழுத்தில் கேட்டது ஜன்னல்.

மீனா மௌஸை ‘வேண்டாம்’ பக்கம் கொண்டுபோனாள். ஓடியது. மறுபடி போனாள். மறுபடி ஓடியது. நாகர்கோவிலில் இருந்து வந்திருந்த என் அம்மா பெருமையாக எல்லோரையும் பார்த்தாள். மீனா மௌஸை ஒதுக்கி வைத்துவிட்டு, டேப் கீயை இரண்டு தட்டு, ஸ்பேஸ் பாரை ஒரு தட்டுத் தட்டினாள். (மௌஸ் இல்லாமலே பட்டன் பட்டனாகத் தாவி அமுக்கலாம் என்பது எனக்கும் தெரியும். வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பதுதான்.)

‘வேண்டாம்’ அமுங்கிவிட்டது. யாராலும் அமுக்க முடியாத பட்டனுக்குத் தனியாகப் பதில் எழுதுவானேன் என்று, நான் ‘சம்மதம்’ பட்டனையே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். திரை முழுக்கப் பூ கொட்டியது. ‘மிக்க மகிழ்ச்சி! நாள் குறிக்கலாம்!’ என்று வந்தது.

அவள் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உரக்க வாசித்தார். “எம் பிள்ளை சம்மதிச்சாச்சு, கேட்டியளா!”

உள்ளேயிருந்து அவள் அத்தை பூவோடு ஓடி வந்தாள். அம்மா மீனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

“அப்பா, நான் வேண்டாம்னாக்கும் அமுக்குனேன்,” என்றாள் மீனா.

“அது... அமுங்காதுன்னு நெனச்சேன்,” என்றேன் நான். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

“அப்போ நான் வேண்டாம்னு சொல்ல வழியே இல்லாம பண்ணிட்டு வந்திருக்கீங்க, அல்லே?”

எனக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, பட்டனை ஓடவைக்கும் வரிகளை அழித்தேன். ‘வேண்டாம்’ அமுக்கினால் ‘சரிங்க, காப்பிக்கு நன்றி’ என்று வரும்படி எழுதினேன். மீனா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோசிக்கணும்னு இன்னொரு பட்டன் வைங்க.”

வைத்தேன். அதை மௌஸால் நிதானமாக அமுக்கினாள்.

அந்த மழைக்காலம் முழுக்க யோசித்தாள். இரண்டு குடும்பமும் சேர்ந்து கல்லாற்றுக்குச் சுற்றுலா போனபோது அங்கேயும் யோசித்தாள். அதன்பிறகுதான் சம்மதித்தாள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. மேசையில் விரலால் இரண்டு தட்டுத்தான். நேற்று ஆசையாக உப்புமா கிண்டிக் கொண்டுவந்து வைத்தேன். மீனா தட்டினாள். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவும் தட்டினாள். இன்னும் பேச்சே வராத எங்கள் மகள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளும் தட்டினாள்.