பதில் சொல்லாத போர்டும் கை தூக்கிய கலைவாணியும்

‘எனக்குத் தெரியவில்லை’ என்ற வாக்கியத்தை நான் முதன்முதலாகச் சொன்னபோது எனக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள் நிறையவே வந்தன. நான்தான் சொல்லவில்லை.

எண்பதுகளின் கடைசியில், லாஸ்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு சின்னத் தனியார் பாலிடெக்னிக்கில் (இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம்) எலக்ட்ரானிக்ஸ் லேப் என் பொறுப்பு. மெட்ராசுக்குப் போய் ஆறு நாள் கம்ப்யூட்டர் பயிற்சி எடுத்துவந்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். அந்த ஆறில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. மீதி ஐந்து நாளில் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் எனக்கு அடங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். மில்லில் வேலை பார்த்த என் அப்பா வேறு, தெருவில் யார் வீட்டு ரேடியோ கரகரத்தாலும் “எங்க பொண்ணக் கூப்புடு, அது கம்ப்யூட்டர் படிச்சிருக்கு” என்று சொல்லி அந்த நினைப்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

லேபில் இருந்தது இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மைக்ரோபிராசசர் போர்டு. போர்டு என்றால் நோட்டுப்புத்தக அளவில் ஒரு பச்சைத் தகடு. அதன் மேல் கரப்பான்பூச்சிபோலக் கால் முளைத்த கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் சிவப்பாக எரியும் ஆறு எண்கள். கம்ப்யூட்டரில் புரோகிராம் அடித்து, ஓர் ஒயர் வழியாக அதைப் போர்டுக்கு அனுப்ப வேண்டும். போர்டு அதன்படி எண்களை ஓட்டிக் காட்டும். இறுதியாண்டுப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் பிராக்டிகல் பரீட்சை அதில்தான்.

பரீட்சையன்று காலை பத்து மணிக்குக் கடலூரிலிருந்து தேர்வாளர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். தாளாளர் (பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் எல்லோரும் அவரை முசே என்றுதான் கூப்பிடுவோம்) அவரை லேபுக்கு அழைத்துவந்து, “எல்லாம் இவங்கதான் பாத்துக்கறாங்க சார், கவலையே இல்ல” என்று என்னைக் காட்டினார். நான் அடக்கமாகச் சிரித்தேன். (அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பார்த்தவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்.)

முதல் பெண் புரோகிராமை அடித்து முடித்தாள். அனுப்பினாள். போர்டு எதுவும் இணைக்கப்படவில்லை என்று திரையில் வந்தது. திரும்ப அனுப்பச் சொன்னேன். திரும்பவும் அதே வரி. போர்டில் சிவப்பு எண்கள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை.

“ஒண்ணுமில்ல சார், அஞ்சு நிமிஷம்” என்றேன்.

அந்த ஐந்து நிமிஷத்தில் முதலில் கரண்ட்டைக் குற்றம் சொன்னேன். ஃபேன்களை நிறுத்தினேன். வியர்த்ததே தவிர வேறு மாற்றம் இல்லை. அடுத்தது கடல் காற்று. கடலோரத்து வைத்திக்குப்பத்தில் டி.வி. பெட்டியெல்லாம் எப்படித் துருப்பிடிக்கிறது, அதே உப்பு லாஸ்பேட்டை வரை எப்படிப் பறந்து வருகிறது என்று தேர்வாளருக்கு ஒரு சொற்பொழிவு நடத்தினேன். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். என் விளக்கத்தைத்தான் எழுதிக்கொள்கிறார் என்று பூரித்து, நாலு பெண்களை உட்காரவைத்துப் போர்டின் செம்பு விளிம்பையெல்லாம் ரப்பரால் தேய்க்கச் சொன்னேன்.

அப்போதுதான் ஓரத்து பெஞ்சில் கலைவாணி கையைத் தூக்கினாள். சாதுவான பெண். பாஸ் செய்தால் போதும், சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்குக் கடிதமே வந்திருந்தது. லேபுக்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஏதாவது வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும் என்பது என் சட்டம். முந்தின வாரம்தான் பேசின குற்றத்துக்காக ஒருத்தியை அரை நாள் வராந்தாவில் நிற்கவைத்திருந்தேன்.

“பாத்ரூம் போவணுமா? போயிட்டு வா” என்றேன்.

அவள் கையை மெல்ல இறக்கினாள். பிறகு எழுந்து போனாள். பாத்ரூம் மைதானத்தின் அந்தக் கோடியில். நடந்து போய், நடந்து வந்து, உட்கார்ந்தாள்.

இதற்குள் நான் சில்லைக் கழற்றத் துணிந்திருந்தேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் அது துள்ளி விழுந்து ஒரு கால் மடங்கியது. என் கொண்டை ஊசியால் அதை நிமிர்த்தி மறுபடி பொருத்தினேன். திரையில் அதே வரி. ஆறு எண்களில் ஒன்று மட்டும் எரிவதை நிறுத்தியிருந்தது.

ஆபீஸ் ரூமுக்கு ஓடி, முசேவிடம் சொல்லி, போர்டை விற்ற மெட்ராஸ் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டோம். லைன் கிடைக்க முக்கால் மணி நேரம். எடுத்தவர் மெதுவாகக் கேட்டார்: “மேடம், ஒயரு கம்ப்யூட்டர் பின்னாடி சரியா சொருகியிருக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. ஆறு நாள் பயிற்சி எடுத்தவளைப் பார்த்துக் கேட்கும் கேள்வியா இது? “என் கையால ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கேன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நான் சொன்னது சத்தியம்.

திரும்பி வந்தால் கலைவாணியின் கை மறுபடி மேலே நின்றது. “திரும்பவுமா? பயத்துல வயிறு கலக்குது போலருக்கு. பரவால்ல, போயிட்டு வா” என்று பரிவோடு அனுப்பினேன். வெயிலில் மைதானத்தைக் கடந்து இன்னொரு தடவை போனாள்.

மணி பன்னிரண்டரை ஆனது. தேர்வாளர் நோட்டை மூடினார். ஒரு மணிக்குள் போர்டு ஓடவில்லை என்றால் தேர்வு நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், பிள்ளைகளுக்கு இனி ஆறு மாதம் கழித்துத்தான் என்றார். முன் பெஞ்சில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். என்ன கோளாறு என்று நினைக்கிறீர்கள் என்று அவர் என்னைக் கேட்டார். உப்பு, கரண்ட், கம்பெனி எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. “எனக்குத் தெரியல சார்” என்றேன். சொன்ன பிறகு காது இரண்டும் சூடாகிவிட்டது.

கலைவாணி மூன்றாவது தடவையாகக் கையைத் தூக்கினாள். நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன்.

“இருங்கம்மா” என்றார் தேர்வாளர். “அந்தப் பொண்ணு அதுக்குத் தூக்கல. நீ சொல்லும்மா.”

அவள் எழுந்து நின்று, துணி போட்டு மூடியிருந்த இரண்டாவது கம்ப்யூட்டரைக் காட்டினாள். “ஒயரு அதுல இருக்கு மேடம்.”

முந்தின நாள் மாலை, திரை பளிச்சென்று இருக்கும் கம்ப்யூட்டர் தேர்வாளர் கண்ணில் படட்டும் என்று இரண்டையும் இடம் மாற்றி வைத்தது நான்தான். ஸ்க்ரூ போட்டு முறுக்கிய ஒயர் பழைய கம்ப்யூட்டரோடேயே நகர்ந்துபோயிருக்கிறது. மேசையின் பின்பக்கம் அவள் உட்கார்ந்திருந்த ஓரத்திலிருந்து மட்டும்தான் தெரியும். நான் போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் சொருகியது நான் என்னும்போது, பார்க்க என்ன இருக்கிறது?

அந்த ஸ்க்ரூவைக் கழற்றவே பத்து நிமிஷம் ஆனது. அவ்வளவு நம்பிக்கையோடு முறுக்கியிருந்தேன். மாற்றிச் சொருகிய மறு நொடியே கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொண்டது. ஆறு எண்ணுக்கு ஐந்து எண் போதும் என்று தேர்வாளர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். சாயங்காலம் வரை பரீட்சை நடந்து, பன்னிரண்டு பேரும் பாஸ். வாய்மொழித் தேர்வில் அவர் கலைவாணியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஒயர் விஷயம் எப்போது தெரியும் என்று.

“பத்தேகால் இருக்கும் சார்” என்றாள்.

மறுநாளே என் சட்டத்தை வாபஸ் வாங்கினேன். அன்றிலிருந்து என் லேப் சந்தைக்கடை மாதிரி இரைந்தது. ஆனால் எந்தக் கோளாறும் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. மூன்று வருஷம் கழித்து என் தம்பி ஒரு பெண்ணைக் காதலிப்பதாக வந்து நின்றான். பஸ்ஸில் பார்த்துப் பழக்கமாம். யார் என்று விசாரித்தால், கலைவாணி. கல்யாணமாகி வந்த முதல் வாரமே வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டாள். மற்ற நாளில் என்னை “அண்ணி” என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் “மேடம்” ஆகிவிடுவேன். இப்போது எங்கள் வீட்டில் யாராவது அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காமல் அடித்துப் பேசினால், பேரப்பிள்ளைகள்கூட “சரி, நான் பாத்ரூம் போயிட்டு வரேன்” என்று எழுந்துகொள்கிறார்கள்.

ஒரே ஒரு தகராறுதான் பாக்கி. நான் அவளை மூன்று தடவை அனுப்பியதாகச் சொல்லித் திரிகிறாள். இரண்டே தடவைதான். மூன்றாவது தடவை தேர்வாளர் தடுத்துவிட்டார். “வாயத் தெறந்தீங்களே மேடம், அது கணக்குல வராதா?” என்கிறாள். கடைசியில் என் தம்பி நடுவில் புகுந்து இரண்டரை என்று தீர்ப்புச் சொன்னான்.

மேல்முறையீடு செய்யும் உத்தேசம் எனக்கு இல்லை. சாட்சிக்குப் பதினொரு பேர் இருக்கிறார்கள்.