வின்னிபெக் இஞ்சினுக்கு மேலகரத்து வைத்தியம்

மேலகரம், தென்காசி.
28-12-1982

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை திருமலைக்குமார் அவர்களுக்கு, மாமனார் நல்லதம்பி எழுதிக்கொள்வது. இங்கு எனது வலது மணிக்கட்டு நீங்கலாக அனைவரும் நலம். எழுத்து கோணலாக இருந்தால் அந்த மணிக்கட்டுதான் காரணம், தங்கள் மேல் வருத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கு தாங்களும், ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் எங்கள் மகள் சண்முகசுந்தரியும் சுகமாயிருக்கத் திருமலை முருகன் துணை நிற்பாராக.

தங்கள் கடிதம் போன திங்கட்கிழமை கிடைத்தது. வாசலிலிருந்து ரோடு வரை இடுப்பளவு பனி கிடக்கிறது, அதை அள்ளி வீசுவதற்கென்று வாங்கிய பெட்ரோல் மெஷின் கிளம்பியதும் வேகம் ஏறுகிறது, இறங்குகிறது, சோக்கை இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது, விட்டால் இருமிக்கொண்டு நின்றுவிடுகிறது, ஆஸ்பத்திரி பதினாலு மைல், டாக்டர் ஜனவரி இருபது என்று நாள் குறித்திருக்கிறார் என்றெல்லாம் எழுதிவிட்டு, முடிவில் 'கவலைப்பட வேண்டாம்' என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையைப் படித்ததிலிருந்துதான் எனக்குக் கவலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் அந்தக் கடமை என் கையைவிட்டுப் போயிற்று. பிள்ளையை அழைத்து வந்து வைத்துக்கொள்ள முடியாத தகப்பன், அவள் ஆஸ்பத்திரி போகிற வழிக்காவது ஒரு வழி சொல்ல வேண்டாமா? தபாலாபீசில் டிரங்க் கால் போட்டு இரண்டு பகல் உட்கார்ந்து பார்த்தேன். 'ஹலோ மாப்பிள்ளை' என்றதும் லைன் அறுந்துவிட்டது. இந்தக் கடிதம் இன்று புறப்பட்டால் பன்னிரண்டாம் தேதி வாக்கில் கிடைக்கும். அதன்பின் எட்டு நாள்தான் இருக்கிறது.

முப்பிடாதியைத் தங்களுக்கு நினைவிருக்கும். தங்கள் கல்யாணத்தன்று ஜெனரேட்டர் நின்றபோது குழாயை வாயில் வைத்து உறிஞ்சி ஓடவிட்டானே, அந்த மெக்கானிக். சுந்தரி பாவாடை கட்டிய வயதில் அவன் பட்டறையே கதி என்று கிடப்பாள். 'பொம்பளப் பிள்ளைக்கு இஞ்சின் எதுக்குட்டி' என்று காதைத் திருகி இழுத்து வருவேன். அவனிடம் தங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சோக்கு என்ற இடத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினான்.

"அண்ணாச்சி, சோக்கு போட்டாத்தான் ஓடுதுன்னா பெட்ரோல் பத்தலை. பெட்ரோல் வருத ஜெட்டு ஓட்டை அடைச்சிருக்கு. எப்ப ஊத்துன பெட்ரோல்னு கேளுங்க. போன வருசத்து மிச்சம்னா பிசினாப் போயிருக்கும்."

"ஏலே, யாருகிட்ட என்ன கேக்கச் சொல்லுதே? மாப்பிள்ளைகிட்டப் போயி, பழைய பெட்ரோலை ஊத்துனீங்களான்னு கேக்கவா? எம் மக அங்கன வாழ வேண்டாமா?"

"கேக்காம எப்படி அண்ணாச்சி வைத்தியம் பாக்க?"

"வேற காரணம் சொல்லு. மாப்பிள்ளை மேல வராத காரணமாச் சொல்லு."

நான் முப்பத்தொரு வருஷம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். மேலிடத்தின் மேல் வராத காரணம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. குளிர்தான் காரணம் என்று முடிவு செய்தேன். அதை நிரூபிக்க ஒரு இஞ்சின் வேண்டுமே? பக்கத்து வீட்டு சுந்தரபாண்டியன், போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர், இலஞ்சி வயலில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற பம்புசெட் வைத்திருக்கிறார். அவர் திருநெல்வேலி போயிருந்த சமயம், சர்வீஸ் பண்ணித் தருகிறோம் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டு நானும் முப்பிடாதியும் கை வைத்தோம். பொய் சொல்லக்கூடாது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இஞ்சின். ஐஸ் பாக்டரியில் நாலு பாளம் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இஞ்சினைச் சுற்றி அடுக்கினோம். வயல் வேலைக்கு வந்த பெண்கள் எல்லாம் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இஞ்சின் ஒரு இருமல் இருமவில்லை. ஐஸ் உருகி என் வேட்டி நனைந்ததுதான் மிச்சம்.

சரி, குளிர் இல்லை என்றால் பிளக்காக இருக்கும் என்று பிளக்கை மாற்றினோம், அதற்கும் சனியன் நன்றாகவே ஓடியது, பின்னே பொறி கொடுக்கிற மேக்னெட்டின் டைமிங்காக இருக்கும் என்று நான் சொல்ல, "தொடாதீங்க அண்ணாச்சி, திருப்பி அடிக்கும்" என்று அவன் சொல்ல, என் மகளுக்கு நானே பார்க்கிறேன் என்று ஒரு நூல் அளவு நகர்த்திவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்தேன். அது என்னைத் திருப்பி இழுத்தது. மணிக்கட்டு பிசகி, வாய்க்காலில் போய் விழுந்தேன். அதற்குமேல் அது கிளம்பவே இல்லை. ஏன் கிளம்பவில்லை என்று பார்க்கப் பாகங்களைக் கழற்றிச் சாக்கில் பரப்பி, இஞ்சின் தலையைத் திறந்தபோது வால்வு ஸ்பிரிங் ஒன்று எகிறிப் பயிருக்குள் பறந்துவிட்டது. முழங்கால் சேற்றில் நின்று தேடிக்கொண்டிருக்கையில் வரப்பில் சுந்தரபாண்டியன் வந்து நிற்கிறார்.

"என்னவே நல்லதம்பி, சாக்குல கெடக்கது எம் இஞ்சின்தானே?"

"கனடாவுக்காகக் கழட்டுனது, அண்ணாச்சி."

"கனடாவுல எவன்வே பிசான நெல்லுக்குத் தண்ணி பாய்ச்சுதான்? பயிரு பால் பிடிக்குத நேரம். வெள்ளிக்கிழமைக்குள்ள தண்ணி ஏறலை, நான் ரிட்டையர் ஆன ஏட்டுன்னு பாக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தால் தங்கள் அத்தை கோமதியம்மாள் மணிக்கட்டில் பத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இங்கேருங்க, முப்பிடாதி சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டு எழுதுனா என்ன? வலி எடுத்துப் பிள்ளை பனிக்குள்ள மாட்டிக்கிட்டா, ஒங்க மரியாதையா வந்து தூக்கிட்டுப் போவும்?" பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. ஆனாலும் கேட்க வாய் வரவில்லை.

ஆகவே, இதில் தங்கள் பக்கம் எள்ளளவும் பிசகு இல்லை என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். பிளக்கை மாற்றிப் பார்க்கவும். மேக்னெட்டைத் தொட வேண்டாம். கயிற்றைக் கையில் சுற்றவே வேண்டாம். யார் கண்ணாவது பட்டிருக்கலாம், எலுமிச்சம்பழம் கிடைத்தால் மெஷினுக்குச் சுற்றிப் போடவும். மேலும், இது தங்களைக் குறித்து அல்ல, பொதுவாகச் சொல்வது: சிலர் எப்போதாவது டாங்கியில் உள்ள பெட்ரோலை மாற்றுவதும் உண்டு என்று கேள்வி.

தாயும் பிள்ளையும் தனித்தனியானார்கள் என்ற நல்ல சேதிக்கு இங்கே வாசலைப் பார்த்தபடி இருக்கிறோம். தங்களுக்கு என் வணக்கமும், சுந்தரிக்கு எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
அ. நல்லதம்பி

பின்குறிப்பு: உறைக்குக் கோந்து தடவிக்கொண்டிருக்கும்போது தந்தி வந்தது. தந்தி என்றதும் கோமதியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தபால்காரர்தான் படித்துத் தமிழில் சொன்னார்: 'பெண் குழந்தை. முந்திக்கொண்டது. இருவரும் சுகம். மெஷின் ஓடியது. பெட்ரோல் போன வருஷத்தது. ஜெட்டை நான் கழுவினேன். சுந்தரி.' நான் வெட்கமில்லாமல் தெருவில் நின்று அழுதேன். முப்பிடாதி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு என்னையே பார்த்தான், அதற்கு நாலு வார்த்தை வைதிருக்கலாம். மேற்படி கடிதத்தில் கண்ட யோசனைகள் அனைத்தையும் இதன்மூலம் ரத்து செய்கிறேன். ஸ்பிரிங் இன்னும் கிடைக்கவில்லை. நானும் முப்பிடாதியும் சுந்தரபாண்டியன் வயலுக்கு இறவைப் பெட்டியால் நீர் இறைத்துக்கொண்டிருக்கிறோம், நான் ஒரு கையால். காலை வரை நான் மாமனார், கேட்க வாயில்லை. இப்போது பேத்திக்குத் தாத்தா. அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்: போன வருஷத்துப் பெட்ரோலை எவனாவது ஊற்றுவானா, மாப்பிள்ளை?