நாலாயிரத்து முன்னூற்றுப் பதினொரு சாட்சிகள்

எங்கள் தனியார் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி வெளியில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். காரில் வருவார்கள், வகுப்பில் தூங்குவார்கள், அப்பா வாங்கிக் கொடுத்த பட்டத்தோடு வீட்டுக்குப் போவார்கள். எங்கள் துணைவேந்தருக்கு மட்டும் இது தெரியாமல் இருந்தது. போன வருஷம் ஒரு விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அதை அவரிடமே வேடிக்கையாகச் சொல்ல, மேஜையில் இருந்த அத்தனை பேரும் சிரிக்க, வேறு வழியில்லாமல் அவரும் சிரித்துவிட்டு வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு 'மாணவர் குறித்த பொதுக்கருத்தின் மெய்த்தன்மையை அறுதியிட்டு அறிவதற்கான உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது.

குழுவில் மூன்று பேர். தலைவர் புள்ளியியல் பேராசிரியர். எண்ணிப் பார்க்காத எதையும் நம்பமாட்டார். அடுத்தவர் மக்கள் தொடர்பு அதிகாரி. அந்த அம்மாளுக்கு 'இமேஜ்' என்ற சொல் இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. மூன்றாவது ஆள், செயலாளர் என்ற பெயரில் நான். பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: என் கையெழுத்து அழகாக இருக்கும். பட்டச் சான்றிதழ்களில் மாணவர்களின் பெயரை இன்றைக்கும் நான்தான் பேனாவால் எழுதுகிறேன்.

முதல் கூட்டத்தில் படிவம் தயாரானது. கேள்வி ஒன்று: 'நீங்கள் வரும் கார் எது? (அ) சிறியது (ஆ) பெரியது (இ) இரண்டும்.'

"சார், பஸ்ல வர்றவங்க என்ன போடுவாங்க?" என்று கேட்டேன்.

"பொதுக்கருத்துல பஸ் இருக்கா?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார்."

"அப்புறம் படிவத்துல எதுக்கு?"

"பஸ் நல்ல இமேஜும் இல்ல," என்றார் அதிகாரி அம்மாள்.

பன்னிரண்டு கேள்விகளுக்குக் கீழே கடைசியாக ஒரு பெரிய கட்டம். 'பொதுக்கருத்து குறித்துத் தங்கள் வாக்குமூலம். தங்களைப் பற்றியும் பிறரைப் பற்றியும் கைப்பட எழுதுக.' இதைக் கொடுத்து, குழு அதை ஏற்றுக்கொண்டால்தான் தேர்வுக்கு ஹால் டிக்கெட் என்று உத்தரவு போட்டோம். நாலே நாளில் நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு படிவமும் வந்து சேர்ந்தன. இப்படி ஒரு சுறுசுறுப்பு பொதுக்கருத்துக்கே விரோதமானது. ஆனால் அதைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் இடமில்லை.

படித்துப் பார்த்தோம். வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு மை, எழுதியிருந்தது ஒன்றேதான். 'நான் அப்படி இல்லை. மற்றவர்கள் அப்படித்தான்.'

நான் தலையைச் சொறிந்தேன். பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதைவிடத் தெளிவா ஒரு முடிவு வருமாய்யா? ஒரு பையனை எடுத்துக்கோங்க. அவன் அப்படித்தான்னு நாலாயிரத்து முன்னூறு பேருக்கு மேல சாட்சி சொல்றாங்க. அவன் அப்படி இல்லைன்னு சொல்றது யாரு?"

"அவன் மட்டும்தான் சார்."

"குற்றவாளி தனக்குத் தானே சொல்லிக்கிற சாட்சி செல்லுமா?"

செல்லாது என்று ஒருமனதாக முடிவானது. அவரவர் வாக்குமூலப்படி மாணவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக நல்லவர், குழுவின் கணக்குப்படி மொத்தமாக மோசம். அறிக்கையை டைப் அடிக்க உட்கார்ந்தபோதுதான் ஒரு படிவம் இடித்தது.

'நான் அப்படி இல்லை. மற்றவர்களும் அப்படி இல்லை.'

எழுதியவள் புள்ளியியல் இறுதியாண்டு மாணவி. பேராசிரியரின் சொந்த வகுப்பு. எங்கள் பல்கலைக்கழக பஸ் டிரைவரின் மகள். கேள்வி ஒன்றுக்கு (ஈ) என்று தானே ஒரு வரி சேர்த்து, 'பஸ். மிகப் பெரியது' என்று எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை தேர்வு. வெள்ளிக்கிழமை மதியம் அவளைக் குழுவின் முன் வரவழைத்தோம். பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"மத்தவங்க அப்படி இல்லைன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்பா பஸ்லதான் சார் தினமும் வர்றேன். ஐம்பத்திரண்டு சீட்டு, எழுபது பேர் வர்றாங்க. பாதிப் பேர் நின்னுக்கிட்டே படிக்கிறாங்க. கிளாஸ்ல தூங்குறானே கடைசி பெஞ்ச் பையன், அவன் காலையில நாலு மணிக்கு எழுந்து பேப்பர் போட்டுட்டு வர்றான் சார்."

"எழுபது பேரை வச்சு நாலாயிரம் பேரைப் பத்திச் சொல்லலாமா?"

"ஒரு விருந்துல ஒருத்தர் சொன்னதை வச்சு நாம சொல்றோமே சார்."

அதிகாரி அம்மாள் என் காதருகே குனிந்து, "ரொம்ப மோசமான இமேஜ்," என்றார்.

பேராசிரியர் கோபப்படவில்லை. காகிதத்தில் கூட்டிக் கழித்து ஒரு எண்ணைக் காட்டினார். "மத்த எல்லாருக்கும் எதிரா நாலாயிரத்து முன்னூற்றுப் பத்து சாட்சி. உனக்கு எதிரா மட்டும் நாலாயிரத்து முன்னூற்றுப் பதினொண்ணு. ஏன்னா, நீ யாருக்கு எதிராவும் சாட்சி சொல்லல. இந்த யுனிவர்சிட்டியிலயே உன் நிலைமைதான்மா மோசம்."

"கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதணும்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?"

"வகுப்பு வேற, குழு வேற," என்றார் பேராசிரியர். "ஒரு வரியை மாத்தி எழுது. இப்பவே ஹால் டிக்கெட் கைக்கு வரும்."

"மாத்தி எழுதினா அது என் வாக்குமூலம் இல்லையே சார்," என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள்.

மாலை ஐந்து மணிக்கு டிரைவர் வந்தார். பதினைந்து வருஷப் பழக்கம். என் வீட்டுச் சாமான் ஏற்ற, இறக்க ஒரு வார்த்தை சொன்னால் வந்து நிற்பவர். அன்றைக்குச் சாவியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணே, மூணு வருஷம் பஸ்ஸுலயே உட்கார்ந்து படிச்ச பொண்ணு. இந்தப் பரீட்சையை விட்டா ஒரு வருஷம் போயிடும். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க பார்த்து ஏதாவது செய்யுங்கண்ணே."

"போங்க, நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அவர் போனதும் ஒரு புதுப் படிவத்தை எடுத்தேன். கேள்வி ஒன்றுக்கு (அ) சிறியது. கீழே கட்டத்தில், 'நான் அப்படி இல்லை. மற்றவர்கள் அப்படித்தான்.' பழக்க தோஷம், அழகாகவே எழுதிவிட்டேன். பழைய படிவத்தைக் கிழித்துக் கூடையில் போட்டேன். சனிக்கிழமை காலை ஹால் டிக்கெட் அவள் கைக்குப் போயிற்று. குழு மனமிரங்கியது என்று அவளிடம் சொன்னேன். டிரைவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அறிக்கை வெளியானது. 'பொதுக்கருத்து முற்றிலும் மெய்யென, ஒரு மறுப்பும் இன்றி, நூறு சதவீதம் நிறுவப்பட்டுள்ளது.' துணைவேந்தருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க நேரமில்லை. நூறு சதவீதம் என்றதும் குளிர்ந்துபோனார். அதிகாரி அம்மாள் வாசலில் ஆளுயரத்துக்குப் பலகை வைத்தார்: 'நூற்றுக்கு நூறு! வேறெந்தப் பல்கலைக்கழகமும் எட்டாத உயரம்!' அந்த வருஷம் சேர்க்கை கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் முதல் வகுப்பில், துறையிலேயே முதலாவதாகத் தேறினாள். எங்கள் புள்ளியியல் துறையிலேயே ஆய்வு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் பேராசிரியர் நடுவில். குறிப்பெடுக்க ஓரத்தில் நான்.

"மார்க் எல்லாம் பிரமாதம். ஆனா நீ நம்ம யுனிவர்சிட்டி பொண்ணும்மா. நம்ம மாணவர்கள் எப்படின்னு நூறு சதவீதம் நிரூபிச்சாச்சு. தெரிஞ்சே எப்படி எடுக்கறது?"

"நான் அதை ஒத்துக்கலையே சார்."

"நீயே எழுதிக் கொடுத்திருக்கியே?" கோப்பைத் திருப்பி அவள் முன் தள்ளினார்.

அவள் படித்தாள். மேஜைமேல் அவளுடைய பட்டச் சான்றிதழ் கிடந்தது. அதில் அவள் பெயர், என் பேனா. படிவத்தைப் பார்த்தாள், சான்றிதழைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என் வேலை போயிருக்கும். அவள் இரண்டையும் அடுக்கி வைத்துவிட்டு, "வர்றேன் சார்," என்றாள்.

வராந்தாவில் பின்னாலேயே ஓடினேன். "அம்மா, உன் நல்லதுக்குத்தான்..."

"தெரியும் அங்கிள்," என்றாள். "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

வேறொரு தனியார் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு அந்த வேலை கிடைத்தது. அங்கே இன்னும் குழு அமைக்கவில்லை.

இந்த மாதம் இரண்டாவது குழு வந்திருக்கிறது, அலுவலர்களைப் பற்றி. தாமதமாக வருவார்கள், டீ குடிப்பார்கள், 'நாளைக்கு வாங்க' என்பார்கள் என்று எங்களைப் பற்றியும் ஒரு பொதுக்கருத்து இருக்கிறதாம். படிவம் ஏற்கப்பட்டால்தான் சம்பளம். நான் யோசிக்கவே இல்லை. 'நான் அப்படி இல்லை. மற்றவர்கள் அப்படித்தான்.' அரை நிமிஷ வேலை.

நேற்றுப் பேராசிரியர் போன் செய்தார். "உங்க டிரைவர் படிவம் ஒண்ணு கணக்குல இடிக்குது. போன தடவை அந்தப் பொண்ணோடதைச் சரி பண்ணீங்களே, அதே மாதிரி பண்ணிடுங்க."

"சார், அது உங்களுக்கு..."

"என்னய்யா, வருஷா வருஷம் நானே கையெழுத்துப் போடுற சான்றிதழ், அந்த எழுத்து எனக்குத் தெரியாதா?"

படிவம் இப்போது என் முன்னால் இருக்கிறது. கோணல் மாணலான எழுத்து. 'நான் எப்படின்னு மத்தவங்கதான் சொல்லணும். மத்தவங்க எல்லாரும் நல்லவங்க. எழுத்தர் அண்ணன் ரொம்ப நல்லவர். என் பொண்ணுக்கு ஹால் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்.' அவள் அப்பாவிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. படித்தபோது கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன். அவருக்குச் சம்பளம் நின்றுவிடக் கூடாது, பாருங்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் பேனாவைத் தொட்டிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். நீங்கள் அப்படி இல்லை. மற்றவர்கள்தான் அப்படி.