கணையத்துக்கு ஒரு பொட்டலம் மண்

பகுத்தறிவு, ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வரும்வரைதான் தாங்கும். நான் சங்கரன்கோவிலில் இருபது வருடமாக அறிவியல் வாத்தியார். கோவில் புற்றுமண்ணை நாக்கில் வைத்தால் நோய் தீரும் என்று நம்பும் ஊரில், "மண்ணில் இருப்பது கிருமி" என்று வகுப்புக்கு வகுப்பு முழங்கியவன். (வீட்டிலும் முழங்கினேன். அங்கே எடுபடவில்லை.)

போன வருடம் கணையம் வீங்கி ஒரு வாரம் படுத்தேன். ஆறியபின் எடுத்த ஸ்கேனில், கணையத்தை ஒட்டி சாத்துக்குடி அளவில் ஏதோ ஒன்று இருந்தது.

"எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் பண்ணிருவோம். நுனியில ஸ்கேன் இருக்கிற குழாயை வாய்வழியா இரைப்பைக்குள்ள இறக்கி, பக்கத்துல இருந்து பார்ப்போம். உள்ளே இருக்கிறதை ஊசியால எடுத்தும் சோதிக்கலாம்" என்றார் மதுரை டாக்டர்.

கேன்சரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

சோதனை அன்று காலை ஆஸ்பத்திரியில் மனைவி கோமதி ஒரு புற்றுமண் பொட்டலத்தை நீட்டினாள். "ஏங்க, நெத்தியில மட்டும் பூசிக்கிடுங்க. தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காவ. வாயில போட்டுராதிய."

"நானா? மண்ணையா?" என்று விஞ்ஞானி போலச் சிரித்தேன்.

பத்து நிமிடத்தில் அந்த விஞ்ஞானி கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றான். பக்தர்கள் ஒரு சிட்டிகைதான் போடுவார்கள். நான் இருபது வருடம் ஏசியதற்கும் சேர்த்து முழுப் பொட்டலத்தையும் விழுங்கினேன். தொண்டையை அடைத்தது. குழாய்த் தண்ணீர் இரண்டு கை குடித்தேன். அவ்வளவு பயம்.

உள்ளே நர்ஸ், குழாயைக் கடிக்காமலிருக்க வளையம் மாட்டுவதற்காக வாயைத் திறக்கச் சொன்னார். "சார், பல்லெல்லாம் ஏன் மண்ணா இருக்கு?"

"பல்பொடி" என்றேன்.

டாக்டர் வந்து பார்த்தார். "எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"ஒரு பொட்டலம்."

"மயக்கத்துல இது மேலே வந்து நுரையீரலுக்குள்ள போனா என்ன ஆகும் தெரியுமா?"

தெரியும். எட்டாம் வகுப்புக்குச் செரிமானப் பாடம் நடத்துவதே நான்தான்.

சோதனை மறுநாளைக்குத் தள்ளிப்போனது. வெளியே கோமதி, "ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் என் கையை விடவேயில்லை. (பாதி பிரியம். மீதி, இன்னும் எதையாவது வாயில் போட்டுவிடுவேன் என்ற சந்தேகம்.)

மறுநாள் குழாய் இறங்கியது. இருந்தது வெறும் நீர்ப்பை, பழைய வீக்கத்தின் மிச்சம். ஊசியால் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் டாக்டர் "கேன்சர் இல்லை" என்றதும் கோமதி அழுதாள். நானும் அழுதேன். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று காரணம் சொன்னேன்.

ஆனால் என் ஃபைலின் முதல் பக்கத்தில் யாரோ 'மண் உண்ணும் பழக்கம் உண்டு' என்று எழுதிவிட்டார்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் புதிதாக வரும் டாக்டர் அதைப் படித்துவிட்டு, என்னை விட்டுவிட்டுக் கோமதியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "இப்பவும் சாப்பிடுறாரா?"

"தினமும் இல்ல டாக்டர்" என்கிறாள் கோமதி. "பயம் வந்தா மட்டும் திங்காவ."