கும்பிடுகிறவரைச் சுடலாமா?

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்த நொடியில், கையில் இருப்பது எதுவானாலும் அப்படியே விட்டுவிட்டுக் கும்பிடுவோம். பால் பாக்கெட்டை நழுவ விட்டவர்கள் உண்டு. என் சித்தப்பா ஒரு தடவை இட்லிப் பானையைக் காலில் போட்டுக்கொண்டார். (சுண்டுவிரல் நகம் இன்றுவரை ஒழுங்காக வளரவில்லை.) நான் விட்டது ஒரு துப்பாக்கியை.

பயப்பட வேண்டாம், நிஜத் துப்பாக்கி இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற, தூரத்து ஆளைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப் பொருத்திய துப்பாக்கி. ஆனால் அன்றைக்கு அது என் கைக்கு வந்தது ஒரு பெண்ணின் ஐந்து வருட ஆசையோடு. அதற்கு நிஜத் துப்பாக்கியையே காலில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பெண் மேகலா. என்னோடு கல்லூரியில் படித்தவள், அடி அண்ணாமலையில் வீடு. எங்கள் ஐந்து பேர் அணியின் கேப்டன். விளையாட்டு எளிமையானதுதான். ஓர் அணி நேரம் முடிவதற்குள் ஓர் இடத்தில் குண்டு வைக்க வேண்டும், எதிரணி தடுக்க வேண்டும். எதிரில் எல்லோரையும் சாய்த்துவிட்டாலும் ஜெயம்தான். செத்தவர்கள் அந்த ரவுண்டு முடியும்வரை, உயிரோடு இருக்கிறவரின் திரையைப் பார்த்துக்கொண்டு ஹெட்செட்டில் புத்தி சொல்லலாம். நான் பெரும்பாலும் புத்தி சொல்லும் நிலையில்தான் இருப்பேன்.

மேகலா ஸ்கோப் பிடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூச்சு விடவே கூச்சமாக இருக்கும். நானெல்லாம் ஸ்கோப்பைக் கண்ணில் வைத்ததும், தொலைந்துபோன சாவியைத் தேடுகிற மாதிரி மேலும் கீழும் ஆட்டுவேன். அவள் தேடவே மாட்டாள். ஏதோ ஒரு சுவர் ஓரத்தில், ஆள் தலை உயரத்தில், சுவரை விட்டு ஒரு விரற்கடை தள்ளி, ஸ்கோப்பின் நடுவில் இருக்கும் கூட்டல் குறியை வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள்.

"அங்க ஒண்ணுமே இல்லியே" என்பேன்.

"இப்ப இல்ல" என்பாள்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்து, தானாகவே நடந்து வந்து கூட்டல் குறிக்குள் தலையை வைப்பான். ஒரே சத்தம். நான் வாயை மூடுவதற்குள் அவள் அந்த இடத்தை விட்டே போயிருப்பாள். "சுட்ட எடத்துல நிக்கவே கூடாதுடா. சத்தம் கேட்டவன் நேரா அங்கதான் வருவான்" என்று சாவதானமாகச் சொல்வாள். அடடா, இவள் நம் அணியில் இருப்பதற்கு நாம் என்ன தவம் செய்தோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மாநில இறுதிச் சுற்று சென்னையில் மேடை போட்டு, பெரிய திரை கட்டி நடக்கும். அந்த மேடையில் ஒரு தடவையாவது உட்கார வேண்டும். ஐந்து வருடம் முயன்று அந்த வருடம்தான் கடைசி வாசல்வரை வந்திருந்தோம். இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் மூன்றாம் நாள் சென்னை. அடுத்த வாரம் அவளுக்கு மஸ்கட்டுக்கு விமானம். ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. ஆக, இதை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

அந்த ஆட்டத்தைத் தீபத்தன்று வைத்தார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று விவரமாக எழுதி, வேறு தேதி கேட்டோம். 'ஆல் தி பெஸ்ட்' என்று பதில் வந்தது.

அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிறது. தீபத்தன்று அத்தனை ஜனமும் அவள் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். ஒவ்வொருவர் பையிலும் ஒரு செல்போன். நெட் என்ன கதி ஆகும்? டவுனில் எங்கள் வீட்டுக்கு வந்து ஆடு என்றால், ஊரில் இருக்கப்போகும் கடைசி தீபம், வீட்டை விட்டு நகரக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார்கள்.

"என் நெட்ட நம்ப முடியாதுடா. கொஞ்சம் லேட்டானாலும் ஸ்கோப் வேலைக்கு ஆவாது. நீ எடு" என்றாள்.

"நானா?"

"உங்க வீட்ல ஒயர் கனெக்‌ஷன். அதுக்காகத்தான்" என்றாள். என் திறமை ஒரு காரணமாகச் சொல்லப்படவில்லை.

ஒரு வாரம் பழக்கினாள். ஓடிக்கொண்டே சுடாதே, நின்று சுடு. ஒரு குண்டு போனால் அடுத்தது வர நேரமாகும், அதற்குள் ஒளிந்துகொள். ஸ்கோப்பில் இருக்கும்போது பக்கத்தில் நடப்பது தெரியாது, காதால் பார். எல்லாம் சொன்னாள். கையை எடுக்காதே என்று மட்டும் சொல்லவில்லை. யாராவது சொல்லித்தர வேண்டிய விஷயமா அது?

நாலரைக்கு ஆட்டம் தொடங்கினால் ஐந்தேகாலுக்கு முடிந்துவிடும், தீபத்துக்கு மாடிக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். எதிரணியில் ஒருவருக்குக் கரண்ட் இல்லை என்று முக்கால் மணி நேரம் தள்ளிப்போனது. எங்கள் வீட்டில் என் கம்ப்யூட்டர் இருப்பது மொட்டை மாடியில் உள்ள ஒற்றை அறையில். ஜன்னலைத் திறந்தால் நேரே மலை. ஜன்னலுக்கு வெளியே போளூர், செங்கம், ஆரணி என்று எல்லா ஊர்ச் சொந்தமும் நின்றுகொண்டிருந்தது. அம்மா அகல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு, தீப்பெட்டியோடு உச்சியைப் பார்த்தபடி தயாராக இருந்தாள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு இரண்டு அணியும் சமம். கடைசி ரவுண்டு. குண்டு வைக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மேகலா அந்தத் திக்கித் திணறும் நெட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுச் செத்தாள். மற்றவர்களும் போனார்கள். மிஞ்சியது நானும், எதிரணியின் ஸ்கோப்காரர், 'கரிச்சான்' என்கிற பெயரில் ஆடிய ஆளும். நாற்பது நொடி பாக்கி. நான் கதவு வழியாகப் போகாமல் பின்பக்கம் சுற்றி, ஏணி ஏறி, ஒரு மேல்மாடி ஜன்னலுக்கு வந்தேன். (என் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம்.) ஸ்கோப்பை வைத்தேன். கீழே கரிச்சான் எனக்குப் பக்கவாட்டில், நான் வரப்போகிறேன் என்று நினைத்த கதவைப் பார்த்தபடி நின்றிருந்தார். கூட்டல் குறி அவர் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"சூப்பர்டா. சுடு" என்றாள் மேகலா.

அப்போது ஊரே ஒரே குரலில் "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றது.

என்ன சொல்ல? பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும். ஜன்னலில் பார்த்தேன். கறுத்த மலை உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் நடுங்கி, நிமிர்ந்து, நின்றது. என் இரண்டு கையும் தலைக்கு மேலே போயிருந்தன. கண்ணில் தண்ணீர். ஹெட்செட் கழுத்துக்கு இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து கொசு மாதிரி ஒரு குரல் "சுடு, சுடு, சுடுடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பிப் பார்த்தால், பதினைந்து நொடி பாக்கி. கரிச்சான் அங்கேயே நிற்கிறார். இம்மியும் அசையவில்லை.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. (செய்யாமலே இருந்திருக்கலாம்.) டிவியில் நேரலை எப்போதும் சில நொடி பின்னால்தான் வரும். எங்கள் அரோகரா முடிந்த பிறகுதான் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தீபமே எரியும். எங்களுக்கு இதில் கொஞ்சம் திமிரும் உண்டு. அப்படியானால் கரிச்சான் ஏன் அசையாமல் நிற்கிறார்? அவர் வீட்டு டிவியில் இப்போதுதான் தீபம். கையை எடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மா என் நெற்றியில் விபூதி வைக்க உள்ளே வந்தாள். "யார்ரா இது, செல மாதிரி நிக்கிறது?"

"எதிர் டீம்மா. கும்புடுறாங்க போல."

"கும்புடுறவங்களையாடா சுடப்போற? அதுவும் இன்னைக்கு?"

கேள்வி நியாயமாகப் பட்டது. சரி, கும்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அம்மா விபூதி பூச வாகாக முகத்தைத் திருப்பினாள், என் விரல் ஏதோ ஒரு பட்டனில் பட்டது, என் ஆள் மரத் தரையில் ஒரே ஓர் அடி எடுத்து வைத்தான். அந்தச் சத்தம் போதும். கரிச்சான் திரும்பியதையே நான் பார்க்கவில்லை. ஒரே குண்டு. திரை கறுத்தது.

ஹெட்செட்டை மாட்டினேன்.

"ஏண்டா சுடல?" மேகலாவின் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது.

"அவங்க கும்பிட்டுனு இருந்தாங்க மேகலா."

அணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

மனசு கேட்காமல் கரிச்சானுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'நீங்களும் தீபம் பார்த்தீர்களா?' படிக்கப் போன பெங்களூர் ஹாஸ்டலில் இருந்து ஒரு பெண் பதில் போட்டாள்: 'என்ன தீபம்? நான் அந்தக் கதவப் பாத்துட்டு இருந்தேன்.' அவ்வளவு நேரமுமா என்று கேட்டேன். 'வேற என்ன செய்யணும்?' என்றாள். தோற்ற வயிற்றெரிச்சலையும் மீறி எனக்குப் புல்லரித்தது. மேகலாவைப் போல இன்னொருத்தி. மேகலாவின் எதிரே நின்றிருக்க வேண்டியவள்.

அம்மாவுக்கு இது தோல்வியாகவே தெரியவில்லை. பிற்பாடு எனக்குப் பெண் பார்த்தபோது, "என் புள்ள ரொம்ப சாதுங்க. கையில துப்பாக்கி இருந்தாக்கூட சுடமாட்டான்" என்று நற்சான்றிதழ் கொடுத்தாள். பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எதுக்குங்க துப்பாக்கி என்று விசாரிக்க ஆரம்பித்தார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

தீபத்துக்கு மறுநாள் காலையில் அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலக்காரர்களுக்கு மோர் ஊற்றிய அண்டாவை மேகலா வாசலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்துவிடு என்றேன்.

"சுடுறதுக்கு ஒரு வெரல் போதும்டா. நீ பத்து வெரலையும் எடுத்துட்ட" என்றாள். சிரித்தாள்கூட. அப்புறம் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நேத்து நான் தீபம் ஏத்துனத பாக்கவே இல்ல தெரியுமா? இங்க நின்னா உச்சி அப்பிடியே தெரியும். எல்லாரும் அரோகரான்றாங்க. நான் திரும்பல. நீ சுடுவனு உன் ஸ்கிரீனயே பாத்துனு இருந்தேன்."

தீபம் பதினோரு நாள் எரியும். ஆனால் ஏற்றுகிற அந்த நொடி ஒன்றுதான். அதை விட்டுவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள்.

இப்போதும் ஒவ்வொரு தீபத்தன்றும் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மஸ்கட்டிலிருந்து வீடியோ கால் வரும். அங்கே நாலரை மணி, லேப் உடையில் இருப்பாள். நான் மாடிச் சுவர் ஓரம் நின்று போனை மலைக்கு நேராகப் பிடிப்பேன். தீபம் ஏறி, அரோகரா அடங்கியதும் அவள் குரல் வரும்: "என்னடா, சுட்டியா?"

போளூர், செங்கம், ஆரணி எல்லாம் சேர்ந்து ஒரே குரலில் பதில் சொல்லும்: "இல்ல, கும்பிட்டான்."

மேகலா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரித்து முடிக்கும்வரை நான் போனை மலைப்பக்கமே பிடித்திருப்பேன், என் முகம் அவளுக்குத் தெரியாதபடி.