யூசர்: ஒரு நிமிடம் நாற்பது நொடி

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். இந்த வரியை எழுத நேற்றுவரை எனக்குத் துணிவில்லை. இன்று ஆதாரத்துடன் எழுதுகிறேன். உங்கள் நலமும் மகளின் நலமும் அறிய ஆவல்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கணினி எழுந்திருக்க வெகுநேரம் ஆகிறது என்று சென்ற மாதம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டினால் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அதுவே சொல்லும், சில நாள் குறித்துவையுங்கள் என்றீர்கள். வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் மழையளவு குறித்தவனுக்கு அது போதாதா? கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். முதல் நாள் விடை வந்தது: கெர்னல் நான்கு நொடி, யூசர் ஒரு நிமிடம் நாற்பது நொடி. கெர்னல் என்றால் இயந்திரத்தின் உள்மூளை போலும் என்று அகராதி பார்த்து ஊகித்தேன். யூசருக்கு அகராதி தேவைப்படவில்லை. இந்த வீட்டில் அதைப் பயன்படுத்துகிறவன் நான் ஒருவன்தான். இயந்திரத்துக்கு நான்கு நொடி, எனக்கு நூறு.

மறுநாள் முகம் கழுவிவிட்டு உட்கார்ந்தேன், நூறு. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன், நூறு. விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தேன்; நூற்று ஒன்று. காய்ச்சல் கண்ட அன்றும் அதே நூறு, ஆகவே சீராகக் கெட்டிருக்கிறேன் என்று முடிவுகட்டி, மேகங்கள் பற்றிய நூலுக்கு நான் தயாரித்துவரும் சொல்லடைவை வேறு யாரிடமாவது ஒப்படைக்கும்படியும், என் மூளை தளர்ந்துவிட்டதென்றும் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி உறையையும் ஒட்டிவிட்டேன். அதைப் பார்த்துவிட்ட உங்கள் அத்தை, "நகருங்க, நான் போட்டுப் பாக்கறேன்" என்று பொத்தானை அழுத்தினாள். நூறு. "பாத்தீங்களா, எனக்கும் அதேதான்!" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குமா ஆரம்பிச்சுடுச்சு?" என்றேன். அதன்பின் இரண்டு நாள் பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் அவளே உங்களுக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை, உங்க மாமாவை அந்த யூசர்லருந்து எடுத்துவிடுங்க, தாங்க முடியல" என்றது நினைவிருக்கும். நீங்கள் சிரித்து முடிக்கவே நாற்பது நொடி ஆனது, குறித்துவைத்திருக்கிறேன். "மாமா, அந்த யூசர் நீங்க இல்ல மாமா! உள்ள ஓடற மத்த வேலைகளுக்கு அப்படிப் பேரு. நீங்க எதிர்ல உக்காந்திருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான்!" என்றீர்கள். என்னிடம் இவ்வளவு ஆறுதலாக யாரும் பேசியதில்லை.

தாமதத்துக்கு யார் காரணம் என்று பட்டியல் போடும் இன்னொரு கட்டளையும் சொன்னீர்களே, அதைத் தட்டினேன். முதலிடத்தில் வெளியிலிருந்து செருகும் ஒரு சேமிப்பு வட்டு, தொண்ணூறு நொடி. போன வருடம் நீங்கள் வீடு மாறியபோது கழற்றிக்கொண்டு போன அதே வட்டு. அது இன்றைக்காவது வந்துவிடும் என்று கணினி தினமும் தொண்ணூறு நொடி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை; பட்டியலில் இருந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். நீங்கள் சொன்னபடி கணினியின் குறிப்புக் கோப்பில் அந்த வட்டுக்கு உரிய வரியின் முன்னால் ஒரு குறி போட்டு அதன் வாயை அடைத்தேன். இன்று காலை மொத்தமே பதினான்கு நொடி. உறையைக் கிழித்துப் போட்டேன். உங்கள் அத்தை பேசுகிறாள். பாக்கி இரண்டு நாளுக்கும் சேர்த்துப் பேசுகிறாள்.

நீங்கள் இருவரும் எடுத்த காரியம் எல்லாம் தாமதமின்றிக் கைகூடி நீடு வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா

பி.கு.: இதைக் கணினியிலேயே தட்டி அனுப்பலாம் என்று இப்போது திறந்தேன். பதினான்காம் நொடியே கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கிறது. காலையில் மகிழ்ச்சியில் விரல் தானாக அடித்துவிட்டது போலிருக்கிறது. இத்தனை நாளும் திரை வரும்வரை காத்திருந்த நேரத்தில்தான் அதை மெல்ல மெல்ல நினைவுக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. அரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இது தபாலில் வருகிறது. அந்தக் குறியை எடுப்பது எப்படி என்று உடனே எழுதவும். யூசருக்கு நூறு நொடி வேண்டும்.