மீன் குழம்பு வாசம் அடித்த லேப்டாப்

லேப்டாப்பை மூக்குக்கு நேரே தூக்கி முகர்ந்து பார்த்தார் ஆலிக்குட்டி. சந்தேகமே இல்லை. மீன் குழம்பு.

“சுஹரா, இங்க வா. இதை மோந்து பாரு.”

அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்த அவர் மனைவி குனிந்து மோந்தாள். “அயிலைக் குழம்பு,” என்றாள். “புளி கொஞ்சம் தூக்கல்.”

“நான் என்ன ருசியா கேட்டேன்? புது லேப்டாப்புல எப்படிடி குழம்பு வாசம் வரும்?”

சுஹராவின் அண்ணன், அவள் ‘இக்கா’ என்று கூப்பிடும் சைதலவி, முந்தின நாள்தான் ஷார்ஜாவிலிருந்து லீவில் சொந்த ஊரான கொண்டோட்டிக்கு வந்திருந்தார். கயிறு கட்டிய பெட்டியைச் சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தார். அத்தர், பிஸ்தா, தைலம், போர்வை என்று ஆளுக்கொன்று கிடைத்தது. கடைசியில் தோள்பையிலிருந்து இந்த லேப்டாப்பை எடுத்து, “காலேஜ் போகப்போற என் மருமகளுக்கு!” என்று ஆலிக்குட்டியின் மகள் நஸ்லாவின் கையில் கொடுத்தார். ஆலிக்குட்டிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கலங்கின கண் காலையில் தெளிந்தது. எழுத்துகளின் இடுக்கெல்லாம் மஞ்சள் கறை. மூடியின் மேல் பாதி கிழிந்த கிளி ஸ்டிக்கர். மூலையில் கீறல். திறந்தால், கைலி கட்டிய எட்டு ஆம்பளைகள் வரிசையாக நின்று சிரிக்கிற படம்.

“உங்க இக்கா ரூம்ல எட்டுப் பேரு. எட்டுப் பேரும் புழங்கித் தேஞ்ச சாமானை நம்ம தலையில கட்டிட்டாரு.”

இதில் ஆலிக்குட்டியை யாரும் ஏமாற்ற முடியாது. இருபது வருஷமாகச் செருப்புக் கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, மறுநாள் ‘கடிக்குது’ என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். பழசு எது, புதுசு எது என்று அவருக்கா தெரியாது!

“தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதீங்க,” என்றாள் சுஹரா. “இந்தப் பேச்சு எங்க இக்கா காதுல விழுந்துச்சு, அப்புறம் நான் அந்த வீட்டுப் படியில கால் வெக்க முடியாது.”

“நம்ம குடும்பத்துல காலேஜ் படி ஏறப்போற முதல் ஆளு என் பொண்ணு. அவ ரெண்டாங்கை சாமானோட ஏறணுமா?”

“வாப்பா, எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் நஸ்லா. “சும்மா பறக்குது இது.”

“நீ பேசாம இரு. பழைய செருப்பும் காலுக்குச் சுகமாத்தான் இருக்கும்.”

நேரடியாகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்பது என்று முடிவு செய்து, மச்சானுக்குப் போன் போட்டார்.

“மச்சான், அந்த லேப்டாப்போட பில்லு, அட்டைப்பெட்டி ஏதாச்சும் இருக்கா?”

“பில்லா? கிழிச்சுப் போட்டுட்டேன். பெட்டியை அங்கயே தூக்கி வீசிட்டேன். எதுக்கு மாப்ளே?”

“சும்மாத்தான்.”

ஆலிக்குட்டி போனை வைத்தார். பில்லைக் கிழிக்கிறவன் யார்? மடியில் கனம் உள்ளவன்தானே! பொறுக்கமாட்டாமல் தம்பிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார். “பழசைக் கட்டிவிட்டுட்டான்டா! வாசம் குடலைப் புரட்டுது! நம்மளை என்ன இளிச்சவாயன்னு நெனச்சானா?”

அனுப்பிய பிறகுதான் பார்த்தார். அது தம்பிக்குப் போகவில்லை. நாற்பத்துநாலு பேர் இருக்கிற குடும்பக் குழுவுக்குப் போயிருந்தது. பதறியடித்து அழித்தார். அவர் போனில் மட்டும் அழிந்தது.

‘யாரு?’ ‘எதைக் கட்டிவிட்டான்?’ என்று கேள்விகள் வரிசையாக விழுந்தன. முதல் கேள்வியே சைதலவியுடையது.

“மீனு,” என்று எழுதினார் ஆலிக்குட்டி. “மீன்காரன் கோயாவைச் சொன்னேன்.”

அரைமணி நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. முழு நெய்மீன் ஒன்றைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார் சைதலவி.

“என் தங்கச்சி வீட்டுக்குப் பழைய மீனைக் கொடுத்தது எவன்? இந்தா மாப்ளே, செவுளைத் தூக்கிப் பாரு, ரத்தம் மாதிரி இருக்கா? வாங்கினா இப்படி வாங்கணும்!”

ஆலிக்குட்டி செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தம் போலத்தான் இருந்தது. தின்னவும் தின்றார். ஆனால் மனசு ஆறவில்லை. குழுவில் கோயாவின் மச்சினன் ஒருவன் இருந்த புண்ணியத்தில், மறுநாளிலிருந்து கோயாவின் மீன் வண்டி அந்த வாசலில் மட்டும் நிற்காமல் போனது.

மூன்றாம் நாள் ஆலிக்குட்டி லேப்டாப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, மாற்றி வாங்க மஞ்சேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் திறந்தார், புரட்டினார், அடியில் எழுதியிருந்ததைப் படித்தார், உள்ளே போய் யாரிடமோ குசுகுசுவென்று பேசினார். வெளியே வந்தபோது கையில் எலுமிச்சை ஜூஸ்.

“உங்க முகத்துக்காக எடுத்துக்கறேன் இக்கா. மேல ஒரு பைசா தரவேண்டாம். இந்தாங்க, சீல் வெச்ச பெட்டி, இதே சாம்பல் கலர்.”

பழசுக்குப் புதுசு, அதுவும் ஜூஸோடு! பாவம், ஏமாளி என்று கடைக்காரருக்காக இரக்கப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினார் ஆலிக்குட்டி.

“வாப்பா, இது முழிச்சுக்கறதுக்குள்ள ஒரு சாயா குடிச்சுட்டு வந்துடலாம் போல,” என்றாள் நஸ்லா.

“புதுசுன்னா அப்படித்தான். புதுச் செருப்பு கடிக்காதா?”

அன்று மாலையே சைதலவி போன் செய்தார். “வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் ரம்லத்தையும் கூட்டிட்டுச் சாப்பாட்டுக்கு வர்றேன். என் மருமக அதுல எப்படிப் படிக்கறான்னு பார்க்கணும்.”

சுஹரா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “இப்ப எதைக் காட்டுவீங்க? இவ்வளவு பளபளன்னு இருக்கறதைப் பார்த்தா வித்துட்டோம்னு தெரிஞ்சுடாதா? படிக்க வெச்ச இக்கா, கட்டிக்கொடுத்த இக்கா. அவரு மனசு நொந்துச்சுன்னா நான் உங்களை மன்னிக்கமாட்டேன், சொல்லிட்டேன்.”

ஆலிக்குட்டி யோசித்தார். வெள்ளிக்கிழமை காலை வேலையில் இறங்கினார். நஸ்லாவின் பழைய நோட்டிலிருந்து ஒரு கிளி ஸ்டிக்கரைப் பிய்த்து, பாதி கிழித்து ஒட்டினார். மூலையை அம்மிக்கல்லில் இரண்டு தேய்ப்பு. பிறகு சட்டியிலிருந்து ஒரு கரண்டிக் குழம்பை எடுத்து, பஞ்சில் தொட்டு, எழுத்து எழுத்தாகத் தடவினார்.

“புது லேப்டாப்புக்குக் குழம்பு பூசுறீங்களே, உலகத்துல எவனாவது இப்படிச் செய்வானா?” என்றாள் சுஹரா.

“மானம் போகாம இருக்கணும்னா எல்லாம் செய்யணும்டி. நீ அந்த எட்டுப் பேரு படத்தை இதுலயும் போடச் சொல்லு.”

போனிலும் வைத்துக்கொள்ளவென்று சொல்லி, நஸ்லா மாமாவிடமே கேட்டு வாங்கிப் போட்டாள்.

சைதலவி வந்தார். பிரியாணிக்கு உட்காரும் முன்பே லேப்டாப்பைக் கேட்டார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆலிக்குட்டி ஸ்டிக்கரின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன மாப்ளே, இந்த ஸ்டிக்கரைக்கூட இன்னும் பிய்க்கலையா? கறையும் அப்படியே இருக்கே!”

“நீங்க கொடுத்தது மச்சான்,” என்றார் ஆலிக்குட்டி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. “நீங்க கொடுத்த மாதிரியே இருக்கட்டும்னுதான்...”

சைதலவியின் கண்கள் நிறைந்துவிட்டன. மாப்பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பழசைக் கொடுத்தவரானாலும் தங்கமான மனுஷன் என்று ஆலிக்குட்டியும் அந்த நிமிஷமே எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார். சைதலவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கை கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அவர் மனைவி ரம்லத் லேப்டாப்பை எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

“நல்லாத் தேய்ச்சுத் துடைச்சிடு சுஹரா, ஷோரூம்ல வாங்கின புத்தம் புதுசு இது, ஏர்போர்ட்டுல புதுசுன்னு கண்டா வரி போட்டுடுவாங்கன்னு பயந்து, பில்லைக் கிழிச்சு, ஸ்டிக்கரை ஒட்டி, இதைப் பழசாக்கறதுக்குன்னே உன் இக்கா மூணு நாள் அயிலைக் குழம்பு வெச்சாராம்!”